கொழகொழப்பில் இருக்கிறது சூட்சுமம்

குமாரபாளையத்தில் என் சித்தி வீட்டுச் சமையலறைக்குள் ஓட்ஸ் நுழைந்தது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிடித்துக்கொண்டுதான். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 150ஐத் தாண்டியிருந்தது. போன வாரம் போயிருந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். "ஏங்கண்ணு, பாவுக்குப் போடுற சைசிங் கஞ்சியாட்டம் கொழகொழன்னு இருக்குது. இதையா திங்கச் சொல்றாங்க?"

சித்தி குறையாகச் சொன்ன அந்தக் கொழகொழப்புக்காகத்தான் ஓட்ஸுக்கு இத்தனை மரியாதை. நூலுக்கு விறைப்பு தரும் கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. ஓட்ஸில் அதோடு பீட்டா-குளுக்கான் என்ற, நீரில் கரையும் நார்ச்சத்தும் இருக்கிறது. சிறுகுடலில் அது பிசுபிசுவென்று கெட்டிப்பட்டு, கொழுப்பைச் செரிக்க வந்த பித்த அமிலங்களைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியே இழுத்துப் போகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. அதே பிசுபிசுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தையும் மட்டுப்படுத்தும்.

கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஓட்ஸ் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பாக்கெட்டில் அச்சிட, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997 ஜனவரியில் அனுமதி தந்தது. அதற்குக் குறித்த அளவு, நாளைக்கு 3 கிராம் பீட்டா-குளுக்கான். அவ்வளவு கிடைக்க 75 கிராம் ஓட்ஸாவது வேண்டும். சித்தி போடுவது இரண்டு கரண்டி; முப்பது கிராம் தேறினால் அதிகம். முழு அளவையும் வாரக்கணக்கில் தவறாமல் சாப்பிட்டாலும் எல்.டி.எல். நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்குதான் இறங்கும். 150 இருந்தால் 140 ஆகலாம். நல்லதுதான், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது விவகாரம்.

உடம்பு இளைக்கும் என்ற பேச்சையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 380 கலோரி. அரிசியில் 350 சொச்சம். கஞ்சியாகக் காய்ச்சும்போது ஓட்ஸ் தண்ணீர் நிறையக் குடிப்பதால் வயிறு நிறைகிறது, அவ்வளவுதான். அதன் தலையில் பாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையும் கொட்டினால் ஓட்ஸ் என்ன செய்யும்?

அவலாகத் தட்டிய ஓட்ஸ் மெதுவாகச் செரிக்கும். இரண்டு நிமிடத்தில் வேகட்டும் என்று மெல்லிசாக நசுக்கிய 'இன்ஸ்டன்ட்' வகை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். மசாலா பாக்கெட்டில் உப்பு வேறு தூக்கலாக இருக்கும். ரத்தக்கொதிப்புக்காரர்கள் பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு வாங்கட்டும். பழக்கமில்லாத வயிறு முதல் வாரம் உப்பும். ஓட்ஸிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் வேளைக்கு வேளை இதையே சாப்பிட வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம கம்மங்கூழே தேவலையா?" என்றார் சித்தி. பாதி சரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் நார்ச்சத்து பதினொன்றரை கிராம், ராகியில் 11, சோளத்தில் 10. ஓட்ஸும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. தீட்டிய அரிசியில் மூன்றுகூட இல்லை. கால்சியத்தில் ராகிக்குப் பக்கத்தில் ஓட்ஸ் வரவே முடியாது: ராகியில் 360 மில்லிகிராமுக்கு மேல், ஓட்ஸில் ஐம்பது சொச்சம். ஆனால் நம் தானியங்களின் நார் பெரும்பாலும் நீரில் கரையாதது. மலச்சிக்கலுக்கு அது தோதான நார். பித்த அமிலத்தைப் பிடிக்கிற பிசுபிசுப்பு அதில் ஓட்ஸ் அளவுக்கு இல்லை. கொலஸ்ட்ராலுக்கென்று பார்த்தால் ஓட்ஸுக்கும் பார்லிக்கும்தான் என் ஓட்டு. சிறுதானியப் பெருமை பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். காலை இட்லிக்குப் பதிலாக ஓட்ஸ் வந்தால் லாபம். கம்மங்கூழைத் தள்ளிவிட்டு வந்தால் லாபம் கொஞ்சம்தான்.

கொழகொழப்புக்கும் வழி சொன்னேன். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆறியதும் மோர் ஊற்றிக் கரைத்தால் நம்ம கூழ் மாதிரியே இறங்கும்.

"சரி கண்ணு, இது நம்ம காட்டுல வெளையுமா?"

"குளிர் வேணும் சித்தி. வடக்கே பஞ்சாப், ஹரியானாப் பக்கம் குளிர்காலத்துல போடறாங்க. பெரும்பாலும் மாட்டுக்குப் பசுந்தீவனமா."

"மாட்டுத் தீனியவா எனக்கு ஆக்கிப் போடச் சொல்றே!"

கோழிப்பண்ணைக்குத் தீவனம் அரைத்துக் கொடுக்கும் சித்தப்பா திண்ணையிலிருந்தபடியே சொன்னார்: "கம்ப நாங்க கோழிக்குப் போடலயா?"