சங்கிலி ரம்பம்: கார்புரேட்டரைச் சீராக்கும் இரு முறைகள்

2019 மே மாதம் ஒடிசாவின் புரி அருகே கரை கடந்த ஃபானி புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. இத்தகைய வேளைகளில் சாலைகளைத் திறந்துவிடப் பெட்ரோலில் இயங்கும் சங்கிலி ரம்பங்கள் இன்றியமையாதவை. அவை தடையின்றி இயங்குவது பெரிதும் கார்புரேட்டரைப் பொறுத்தது.

காற்றையும் பெட்ரோலையும் உரிய விகிதத்தில் கலப்பதே கார்புரேட்டரின் பணி. இந்த இரு வீச்சு எஞ்சின்களில் மசகெண்ணெயும் பெட்ரோலுடன் கலந்தே, பொதுவாக 50-க்கு 1 என்ற விகிதத்தில், செல்கிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். வெப்பம் மிகுந்து பிஸ்டன் இறுகிவிடும். பெட்ரோல் மிகுந்தாலோ புகை பெருகி, ஆற்றல் குன்றும்.

கைமுறையில், குறைந்த வேகத்திற்கும் மிகுந்த வேகத்திற்கும் உரிய திருகுகளைத் திருப்புளியால் சீராக்குகின்றனர். செலவு குறைவு, ஆனால் தேர்ந்த செவி வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்த ரம்பத்தை மீண்டும் சீராக்காமல் சமவெளியில் இயக்கினால் எஞ்சின் கெடும்.

மின்னணு முறையில், நுண்செயலி சுழற்சி வேகத்தைக் கணித்து, மின்காந்த வால்வின் வழியே பெட்ரோலின் அளவைத் தானே மாற்றுகிறது. எனினும் அழுக்கடைந்த காற்று வடிகட்டியையோ தவறான எண்ணெய்க் கலவையையோ அது சரிசெய்துவிடாது. பழுதுபார்க்கத் தனிக் கருவிகளும் தேவை.

பலர் கையாளும், பல இடங்களுக்குச் செல்லும் ரம்பங்களுக்கு மின்னணு முறை ஏற்றது. ஒரே பகுதியில், பயிற்சி பெற்றவர் பொறுப்பில் உள்ளவற்றுக்குக் கைமுறையே போதும். எதை வாங்கினாலும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்குதல் அவசியம்.