கணக்கு வந்தது, புரோகிராம் வரவில்லை

என் மாமா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கடன் வாடிக்கையாளர்களின் கணக்கு முழுவதும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில், டாஸ் காலத்து பாக்ஸ்புரோ பில்லிங் புரோகிராமில் இருந்தது. சென்ற மாதம் அதன் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடவே, விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார்.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுட்டேன் மாப்ளே, பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடலாமா?" என்று போன் செய்தார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பென் டிரைவில் இருந்தது 2 கேபி அளவுள்ள ஒரே ஒரு பைல். டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானைக் காப்பி செய்திருக்கிறார்! அந்த ஐகான் ஷார்ட்கட் மட்டுமே. புரோகிராம் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிச் சீட்டு போன்றது. இந்தத் தவறைப் புதியவர்கள் பலரும் செய்கிறார்கள்.

ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் உண்மையான போல்டர் எது எனத் தெரியும். புரோகிராமை மூடிவிட்டு அந்த போல்டரை முழுவதுமாகக் காப்பி செய்திடவும். பாக்ஸ்புரோவில் கணக்கு டிபிஎப் பைலில் இருந்தாலும், குறிப்புகள் எப்பிடி பைலிலும் இண்டெக்ஸ் சிடிஎக்ஸ் பைலிலும் இருக்கலாம். ஒன்று விடுபட்டாலும் தகராறுதான். பின்னர் இரண்டு இடத்திலும் போல்டரின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, பைல்களின் எண்ணிக்கையையும் சைஸ் என்ற அளவையும் ஒப்பிடவும். சைஸ் ஆன் டிஸ்க் மாறுபடலாம். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் புரோகிராமை இயக்கியதும், இந்த கம்ப்யூட்டரில் இது இயங்காது என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. காரணம், அது 16 பிட் புரோகிராம். விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. அதில் 16 பிட் புரோகிராம்கள் இயங்காது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

டேட்டா என்னவோ பத்திரமாகத்தான் இருந்தது. இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் மூலம் டிபிஎப் பைலின் காப்பியைத் திறந்ததும் பெயர்களும் பாக்கித் தொகையும் கட்டம் கட்டமாக வந்தன. பழைய பில்களைப் பார்க்க மட்டும் டாஸ்பாக்ஸில் புரோகிராமை இயக்கிக் கொடுத்தேன். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அன்றாட பில்லிங்கை அதை நம்பி ஒப்படைக்கக் கூடாது. அதற்குப் புதிய புரோகிராம்தான் வாங்க வேண்டும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான சப்போர்ட் முடிந்ததால் பலரும் இப்போது கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். நீங்களும் மாற்றுவதாக இருந்தால், பழையது ஓடும்போதே ஐந்தாறு வாடிக்கையாளர்களின் பாக்கியையும் ஒரு நாள் விற்பனைத் தொகையையும் பேப்பரில் எழுதி, புதியதில் அதே எண்கள் வருகின்றனவா என்று சரிபார்க்கவும். டாலி போன்றவற்றில் லைசென்ஸைப் பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிட்டே புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் எடுத்துச் செல்லவும்; இல்லையேல் கடிதம் கிறுக்கலாகத் தெரியும்.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் மாமாவின் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது. மார்ச் கணக்கு முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.