எண்ணெய்க் குதங்களை எண்ணும் எழில்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவிலே, மரங்களினூடே வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த அவை, 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானியரின் விமானத் தாக்குதலையும் கண்டவை. 2022ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் கூட்டாக நடத்தும் கம்பனிக்கு 61 என ஒதுக்கப்பட்டன. ஆக 99.

கணினிக்குக் கட்டளை எழுதப் புதிதாகப் பழகும் மாணவருக்கு இக்குதங்கள் நல்லதொரு பயிற்சிக் கணக்காகும். 1 முதல் 99 வரை இலக்கங்களைக் கணினி வரிசையாக எழுதவேண்டும், அவ்வளவே.

ஆனால் பெரும்பாலான கணினி மொழிகளின் ஏவற் சொற்கள் ஆங்கிலமாயிற்றே! பிள்ளை தடுமாறும்போது, அத்தடுமாற்றம் கணக்கிலா, ஆங்கிலத்திலா என்பது பெற்றோருக்கும் தெரிவதில்லை, பிள்ளைக்கும் தெரிவதில்லை. "எனக்கு இது வராது" என்று அது ஒதுங்கிவிடுகிறது. முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' என்னும் கணினி மொழி இவ்விடத்தில்தான் கைகொடுக்கிறது. அதில் நம் கணக்கு இவ்வாறு அமையும்:

குதம் = 1
@( குதம் <= 99 ) வரை
பதிப்பி குதம்
குதம் = குதம் + 1
முடி

'<=' என்பது 'குறைவாக அல்லது சமமாக' எனப் பொருள்படும் குறி. நிபந்தனை முன்னே வர, 'வரை' பின்னே நிற்பதைக் கவனியுங்கள். 'மாலை வரை' என்று நாம் பேசும் முறையே இது. ஆங்கிலச் சொல்லிருந்த இடத்தில் தமிழ்ச் சொல்லை ஒட்டிவைத்த வேலையன்று.

சமக்குறியை விட்டுவிட்டால் 98 உடன் எண்ணிக்கை நின்றுவிடும். ஒரு குதத்தைக் காணோம்! நாலாம் வரியை மறந்தாலோ, 1 என்பதையே கணினி ஓயாது எழுதிக்கொண்டிருக்கும். குறிப்பறிந்து செய்யும் இயல்பு அதற்கு இல்லை. இப்பிழைகளுக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமேயில்லை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

எழிலோடு நின்றுவிடவும் இயலாது. உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயில்வோர் பைதன் மொழியைக் கற்கவேண்டும். எழிலும் பைதனைக் கொண்டு ஆக்கப்பட்டதே. அங்கும் பழைய குதம் காத்திருக்கிறது. 'ரேஞ்ச்' என்னும் பைதன் கட்டளைக்கு 1, 99 எனக் கொடுத்தால் 98 வரையே எண்ணும். 1, 100 எனக் கொடுத்தால்தான் தொண்ணூற்றொன்பதாவது குதம் வந்துசேரும்.