கடல் கடந்து போகும் பழுதுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் தொழில்நுட்பப் பக்கத்தை நான் தவறவிடுவதில்லை. புதிய கைத்தொலைபேசியின் கமராவில் எத்தனை மெகாபிக்சல், திரையை எத்தனை முறை மடிக்கலாம், செயற்கை நுண்ணறிவு எமக்காகக் கடிதம் எழுதித் தருமாம் என்றெல்லாம் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை தீவுப்பகுதிக்கு வேலைக்குப் போவேன். அங்கே மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் பெண்கள் தங்கள் போனை எடுத்து நீட்டுவார்கள்.

"பிள்ளை, இதின்ர பற்றறியைக் கழட்டலாமோ?"

"உப்புக் காத்துக்கு இது நிண்டு பிடிக்குமோ?"

"பழுதானால் ஆர் பார்க்கிறது?"

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது நான் வாசித்த பக்கத்தில் விடை இருப்பதில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்க முன்னர் கேட்க வேண்டிய சரியான கேள்விகள் இவைதான் என்பது என் எண்ணம்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களுக்குத் தரைவழியாகப் போய்வரலாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு மக்களுக்குப் படகுதான். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதன்பின் யாழ்ப்பாணத்துக்குப் பஸ். போனில் சாச்சர் குத்தும் துவாரம் துருப்பிடித்துவிட்டது என்றால், அதைத் திருத்துவதற்கு ஒரு பெண்ணுக்கு ஒரு முழு நாள் போய்விடும். அன்றைய கூலி இல்லை. பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வரவேண்டும். கடைக்காரர் "சாமான் இல்லை, நாளைக்கு வாங்கோ அக்கா" என்று இலகுவாகச் சொல்லிவிடுவார். பட்டணத்துப் பெண்ணுக்கு அந்த "நாளைக்கு" பத்து நிமிட நடை. தீவுப் பெண்ணுக்கு இன்னொரு படகு.

"நீர் புகாது" என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. கடல்நீருக்கு அது பொருந்தாது என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. உப்பு ஈரம் படிந்த துவாரத்தில் மின்சாரத்தைக் கொடுத்தால் அங்குள்ள உலோகம் அரித்துப்போகும். போன் ஈரப்பட்டால் துடைத்து நன்றாக உலரவிட்ட பிறகே சாச்சரில் போட வேண்டும் என்பதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன்.

போனைவிடப் பெரிய பொருள் பழுதானால் நிலைமை இன்னும் மோசம். ஒரு தீவில், கணவரை இழந்த ஒரு சகோதரி மோர், குளிர்பானம், ஐஸ்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று குளிர்சாதனப்பெட்டி ஒன்றைத் தவணைமுறையில் வாங்கினார். நான்கு பேர் பிடித்துப் படகில் ஏற்றி வந்து சேர்த்தார்கள். ஐந்தாம் மாதம் அது குளிர்வது நின்றுவிட்டது. வாங்கிய கடைக்கு அறிவித்தபோது, பெட்டியைக் கொண்டு வந்தால்தான் பார்க்கலாம் என்றார்கள். மீண்டும் நான்கு பேர், மீண்டும் படகு, பிறகு வாடகை லொறி. இவ்வளவும் செய்து கொண்டுபோன பிறகு, "வோல்ற்றேச் கூடிக் குறைஞ்சிருக்கு, அதுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் சிறிய ஆங்கில எழுத்தில் அப்படித்தான் இருந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை.

தீவுகளின் மின்சாரத்தைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் மின்வலையமைப்புடன் இணைக்கப்படாமல், டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே நீண்ட காலம் இருந்தவை. இம்மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய ஒளி, பற்றறி, டீசல் ஆகிய நான்கையும் சேர்த்துக் கலப்பு மின்நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்த வேலை இடைநிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. செலவுக்கென இந்தியா வழங்கும் நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர். திட்டத்தின்படி மூன்று தீவுகளுக்கும் சேர்த்துச் சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று. இரவுக்குச் சேமித்து வைக்க 2,400 கிலோவாற்று மணி கொள்ளளவுள்ள பற்றறிகள். இவை போதாத வேளைக்கு மட்டும் டீசல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தீவில் நின்று பார்த்தவர்களுக்கு, காற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த மூன்று ஆண்டுச் செய்திகளையும் நான் வெட்டி வைத்திருக்கிறேன். எல்லாமே இந்தியாவா சீனாவா என்ற செய்திகள். பெருவல்லரசு, பாதுகாப்பு, பாக்குநீரிணை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரவில் மருத்துவமனைக் குளிர்பெட்டியில் தடுப்பூசி பாதுகாப்பாக இருக்குமா, ஐஸ்பழம் விற்கும் பெண்ணின் கடன் அடையுமா என்று ஒருவரும் எழுதவில்லை. அது தொழில்நுட்பச் செய்தி இல்லையாக்கும்!

2003இல் வெளிவந்த நொக்கியா 1100 போனைப் பல வாசகியர் மறந்திருக்க மாட்டீர்கள். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது அது. தூசு புகாத விசைப்பலகை, கையில் வழுக்காத பக்கங்கள், உச்சியில் ரோர்ச். பின்மூடியை நகத்தால் திறந்து பற்றறியை மாற்றலாம். வறிய நாட்டுப் பாவனையாளரை மனதில் வைத்துச் செய்த போன். 2007இல் ஐபோன் வந்தது. அதன் பற்றறியை நாம் கழற்ற முடியாது. காலப்போக்கில் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. பற்றறி சோர்ந்தால் கடைக்குப் போ, அல்லது புதிது வாங்கு என்றாகிவிட்டது.

அண்மைக் காலத்தில் நான் வாசித்தவற்றுள் மனதுக்குப் பிடித்த செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கெல்லாம் ஒரே வகைச் சாச்சர் துவாரம் இருக்க வேண்டும். 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு அதன் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். 2027 பெப்ரவரி முதல் பாவனையாளரே பற்றறியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அனலைதீவுப் பெண் கேட்ட கேள்வியையே ஐரோப்பியச் சட்டமும் கேட்கிறது. ஆனால் எங்கள் பத்திரிகையில் அது நான்கு வரியில் முடிந்துவிட்டது. பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு மடிக்கும் போனின் படம்!

பழுதுபார்ப்பதில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்றும் உண்டு. போனைக் கடையில் விட்டுவிட்டு வரும்போது, உள்ளே இருக்கும் படங்களையும் விட்டுவிட்டுத்தான் வருகிறோம். "இரகசிய இலக்கத்தைச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்பார்கள். மாலைப் படகைப் பிடிக்க வேண்டியவள் சொல்லிவிட்டுத்தான் போவாள். தன் படம் வேறு கைக்குப் போய்விட்டதோ என்று பல மாதங்கள் உறக்கமின்றி இருந்த ஓர் இளம்பெண்ணை எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னால் அவளுக்குத்தான் ஏச்சு விழும். அதனால் சொல்லவில்லை. ஆகவே, கொடுக்க முன்னர் படங்களை வேறிடத்துக்கு மாற்றி அழித்துவிடுங்கள். சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி எடுங்கள். கூடுமானால் அருகில் இருந்து திருத்துவியுங்கள். யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அது உங்கள் குற்றமல்ல.

புதியது எல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் கூகுள், பேசினால் தமிழில் எழுதும் வசதியைத் தந்தது. எங்கள் சங்கத்தின் வயதான அம்மா ஒருவர் கனடாவிலிருக்கும் மகனுக்கு அதில் சொல்லிச் சொல்லிச் செய்தி அனுப்புகிறார். அவருடைய தீவுத் தமிழை அது சிலவேளை விளங்காமல் விபரீதமாக எழுதிவிடும். "உது இந்தியாப் பிள்ளை போல" என்று சிரித்துவிட்டுத் திருப்பிச் சொல்வார். எழுதத் தெரியாததால் மற்றவர் கையை எதிர்பார்த்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

குளிர்சாதனப்பெட்டிச் சகோதரியுடன் இருந்து முறைப்பாடு ஒன்று எழுதினோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்தோம். முதலில் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். தவணைப் புத்தகம்தான் இருந்தது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, ஆனால் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது எங்கள் சங்கத்தில் யார் எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கொண்டு வந்து, கூட்டத்தில் உரத்து வாசித்த பிறகே பெட்டியைப் பிரிக்கிறார்கள். வோல்ற்றேச் பாதுகாப்புக் கருவியையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

போன மாதம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். குளிர்சாதனப்பெட்டி குசினி மூலையில் நிற்கிறது. அதற்குள் அரிசியும் மாவும் வைத்திருக்கிறார். எலி வராதாம். இன்னும் மூன்று தவணை இருக்கிறது.