கொடியும் கொம்பும்

ஆடியில் விதைத்த பாகலும் புடலும் ஐப்பசியில் காய்த்துத் தொங்கும். அதே ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். வங்கக் கடலில் புயல்களும் உருவாகும். கொடி மிகுந்த சுமையைத் தாங்கி நிற்கும் காலமும், காற்று மிகுந்த வேகம் கொள்ளும் காலமும் தடா போன்ற கடலோர ஊர்களில் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆதலின், இங்குப் பந்தல் இடுவதையும் கொடியைக் கட்டுவதையும் சிறு வேலைகள் என்று எண்ணிவிட இயலாது. நான்கு மாத உழைப்பு கைக்கு வந்து சேருமா, ஓர் இரவில் மண்ணில் சாயுமா என்பதை அவையே முடிவு செய்கின்றன.

தடா, ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. நெடுஞ்சாலையில் சிறிது தெற்கே சென்றால் திருவள்ளூர் மாவட்டத்து ஆரம்பாக்கம் வந்துவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. இரு மொழிகளும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில், தோட்டத்துச் சொற்கள் பலவும் உடன்பிறந்தவை போலவே இருக்கின்றன. தமிழில் பந்தல் என்பது தெலுங்கில் பந்திரி. சுரைக்காய் சொரகாயாகவும், பீர்க்கங்காய் பீரகாயாகவும், புடலங்காய் பொட்லகாயாகவும் சந்தையில் விலை கூறப்படும். பாகற்காய்க்குக் காகரகாய் என்றும் கோவைக்காய்க்குத் தொண்டகாய் என்றும் பெயர்கள் வேறுபட்டாலும், அவற்றைப் பந்தலில் ஏற்றும் முறை வேறுபடுவதில்லை.

கொடி என்பது தன் வலிமையால் நிமிர்ந்து நிற்க இயலாத செடி. மரம் தன் உணவின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பல ஆண்டுகளில் வைரமேறிய அடிமரத்தை உருவாக்குகிறது. கொடியோ அச்செலவைத் தவிர்த்து, நீளத்துக்கும் இலைக்கும் காய்க்கும் உணவைத் தருகிறது. அதனால்தான் ஒரு சுரைக்கொடி சில வாரங்களிலேயே கூரையை மூடிவிடுகிறது. மெலிந்த தண்டு வேறொன்றைப் பற்றிக்கொண்டே ஒளியை நோக்கி எழ வேண்டும். அவ்வாறு பற்றிப் படர்வதற்கு நடும் கோலுக்குத் தமிழில் கொழுகொம்பு என்று பெயர். பறம்பு மலைத் தலைவன் பாரி, முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தான் என்று சங்க இலக்கியம் கூறும். அவனது கொடைப்பண்பைப் பலரும் போற்றுவர். பற்றுக்கோடின்றித் தவிக்கும் கொடியைக் கண்டவுடன் அதன் தேவையை உணர்ந்துகொண்ட தோட்டக்காரனின் கண்ணும் அவனுக்கு வாய்த்திருந்தது.

காய்கறிக் கொடிகள் எல்லாம் ஒரே வகையில் ஏறுவதில்லை. அவரை தன் தண்டினாலேயே கொம்பைச் சுற்றிச் செல்லும். அதன் இளநுனி எப்போதும் மெல்ல வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். அவ்வட்டத்துக்குள் ஒரு கோல் அகப்பட்டால் அதைச் சுற்றத் தொடங்கும். ஆங்கில அறிஞர் சார்லசு டார்வின் நோயுற்று அறைக்குள் முடங்கியிருந்தபோது, தொட்டியில் வளர்ந்த ஹாப் என்னும் சுற்றுக்கொடியை இரவும் பகலும் உற்றுநோக்கினார். வெப்பமான நாளில் அதன் நுனி ஒரு வட்டத்தை முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடங்கள் எடுத்துக்கொண்டதாகக் குறித்துவைத்தார். அவரை சுற்றும் திசையும் மாறாதது. மேலிருந்து நோக்கினால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அதன் நுனி செல்வதைக் காணலாம். உதவி செய்வதாக எண்ணி மறுதிசையில் கோலைச் சுற்றிவிட்டால், கொடி அச்சுற்றிலிருந்து நழுவித் தன் வழியிலேயே மீண்டும் சுற்றும். அவரைக்குக் கட்டு அதிகம் தேவைப்படாது. நல்ல கோல் ஒன்று இருந்தால் போதும்.

பாகல், புடல், பீர்க்கு, சுரை, கோவை ஆகியவற்றின் தண்டு சுற்றுவதில்லை. கணுக்களில் தோன்றும் பற்றுக்கம்பிகளே அவற்றுக்குக் கைகள். பாகலின் பற்றுக்கம்பி கிளையற்ற ஒற்றை இழை. சுரையினுடையது இரண்டாகப் பிரிந்திருக்கும். மழைத்துளி விழுவதால் இவ்விழை வளைவதில்லை. சொரசொரப்பான கயிறோ குச்சியோ உராய்ந்தால், தொட்ட பக்கம் உட்புறமாக வளைந்து அதைப் பற்றிக்கொள்ளும். ஆனால், பற்றுக்கம்பி மெல்லியது. பருத்த தூணை அதனால் வளைத்துப் பிடிக்க இயலாது. வழவழப்பான கல்தூணை மட்டும் நட்டுவிட்டுக் கொடி ஏறவில்லையே என்று வருந்துவது வீண். இதை நன்கறிந்த உழவர், தூணின் அருகே கிளைகள் நிறைந்த மிலாறுகளை ஊன்றுவர். அல்லது தூணுக்கு இணையாகத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைத் தொங்கவிடுவர். அக்கயிறே கொடிக்கு ஏணி.

பற்றுக்கம்பியின் வேலை பற்றிக்கொண்டவுடன் முடிந்துவிடுவதில்லை. நுனி கயிற்றைப் பிடித்த பின்னர், இடைப்பகுதி சுருண்டு வில்கம்பிபோல் ஆகிறது. இரு முனைகளும் கட்டுண்ட இழை ஒரே பக்கமாகச் சுருண்டால் முறுக்கேறி அறுந்துவிடும். எனவே அதன் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் சுருள்கின்றன. நடுவில் சிறிதளவு நேராக நிற்கும். பாகற்பந்தலின் கீழ் நின்று கூர்ந்து நோக்கும் எவரும் இதனைக் காணலாம். இச்சுருளின் பயனையும் டார்வின் ஆராய்ந்தார். கடுங்காற்று வீசிய ஒரு நாளில் வேலியோரம் சென்று, சுரையின் குடும்பத்தைச் சேர்ந்த பிரையனி என்னும் கொடியைக் கவனித்தார். சுற்றியிருந்த மரக்கிளைகள் அலைக்கழிந்தபோதும் அக்கொடி அறுபடவில்லை. நங்கூரமிட்ட கப்பல் நீண்ட வடத்தின் உதவியால் புயலைத் தாங்குவதற்கு அதனை ஒப்பிட்டார். ஏறுகொடிகள் பற்றிய அவரது ஆய்வுரை 1865 இல் வெளிவந்தது. பின்னர் 1875 இல் நூலாகவும் வந்தது.

கொடியைக் கட்டும் கைக்குத் தேவையான பாடம் அச்சுருளிலேயே இருக்கிறது. பற்றுக்கம்பி கொம்பை இறுகப் பிடிக்கிறது. தண்டைத் தளரப் பிடிக்கிறது. மனிதர் இடும் கட்டும் அவ்வாறே அமைய வேண்டும். எட்டு என்னும் எண்ணின் வடிவில் இடும் கட்டு இதற்கு ஏற்றது. முதலில் நாரைக் கோலில் சுற்றி, அது கீழே வழுக்காதவாறு ஒரு முடிச்சு இட வேண்டும். பின்பு, நாரின் இரு முனைகளையும் கோலுக்கும் தண்டுக்கும் இடையில் ஒருமுறை குறுக்கிட்டு, தண்டைச் சுற்றிக் கொணர்ந்து முடிய வேண்டும். தண்டைச் சூழ்ந்த வளையத்துக்குள் சுட்டுவிரல் தடையின்றி நுழைந்தால் கட்டு சரியாக உள்ளது எனக் கொள்ளலாம். குறுக்கிட்ட நார் நடுவில் மெத்தைபோல் இருப்பதால், காற்றடிக்கும்போது தண்டு கோலில் உரசித் தோல் உரியாது.

இறுக்கிக் கட்டினால் என்ன நேரும்? கட்டிய நாளில் ஒன்றும் தெரியாது. தண்டு நாளுக்கு நாள் பருக்கும்; நாரோ பருக்காது. வேரிலிருந்து மேலே செல்லும் நீருக்கும், இலையிலிருந்து கீழே வரும் உணவுக்கும் வழி குறுகும். கட்டுக்கு மேற்புறம் வீங்கும், இலைகள் நண்பகலில் முதலில் வாடும், பிறகு மஞ்சளாகும். நோய் என்று கருதி மருந்து தேடுவோர், இலையை விட்டுத் தண்டை அடியிலிருந்து விரலால் தடவிப் பார்ப்பது நன்று. பெரும்பாலும் விரல் ஒரு பழைய முடிச்சில் தட்டுப்படும். கட்டுவதற்குரிய இடம் கணுவுக்குச் சற்றுக் கீழே. இலைக்காம்பையோ பற்றுக்கம்பியையோ பூமொட்டையோ சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால் எளிதில் முறியும். வெயில் ஏறிச் சற்றே துவண்ட பிறகு வளைத்துக் கட்டினால் முறியாது.

கட்டுப்பொருளுள் வாழைநாரே முதலிடம் பெறத் தக்கது. நீரில் ஊறவைத்த வாழைநார் மென்மையாக வளையும், பருவம் முடியும்வரை தாங்கும், பின்பு மட்கும். சணலும், கிழித்த பழைய பருத்தி வேட்டித் துண்டும் அதற்கு அடுத்தவை. மெல்லிய நைலான் இழை மலிவாகக் கிடைப்பினும், சுமை ஏறும்போது கத்திபோல் தண்டை அறுத்துவிடும். சாதாரண நெகிழிக் கயிறோ வெயிலில் நாளடைவில் நைந்து, காய் மிகுந்த காலத்தில் அறும். தண்டில் இரும்புக் கம்பியைக் கட்டுவதை ஒருபோதும் ஏற்க இயலாது.

இனிப் பந்தல். இப்பகுதியில் சவுக்குக் கம்பும் மூங்கிலும் பந்தற்கால்களாகப் பயன்படுகின்றன. பல ஆண்டுகள் நிலைக்க விரும்புவோர் கல்தூண் நடுவர். எட்டரை அடிக் காலை இரண்டடி ஆழத்தில் ஊன்றினால், ஆறரை அடி உயரப் பந்தல் கிடைக்கும். ஆள் நிமிர்ந்து நடக்கவும் புடலங்காய் தரையைத் தொடாமல் தொங்கவும் இவ்வுயரம் போதும். மரக்காலின் அடிப்பகுதிக்குத் தார் பூசினால் கறையான் அரிப்பது குறையும். கால்களின் மேல் கம்பி கட்டி, அக்கம்பிகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பின்ன வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் மேல் வரும் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் துத்தநாகம் பூசிய கம்பியே ஏற்றது.

கொடி பந்தலை எட்டும்வரை ஒரே தண்டாக வளர்த்து, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவர். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பல திசைகளில் பிரியும். பெண்பூக்கள் கிளைகளில் மிகுதியாகத் தோன்றுவதால் காயும் மிகும். நெருங்கிப் பின்னிய கிளைகளை அவ்வப்போது வெற்றிடம் நோக்கித் திருப்பிவிட வேண்டும். ஏற்கெனவே பற்றிய பற்றுக்கம்பியைப் பிய்த்து எடுப்பதை விட, அதனை அப்படியே விட்டு வளரும் நுனியை மட்டும் திருப்புவது கொடிக்குத் தீங்கு செய்யாது. பந்தலின் மேலே தங்கிவிட்ட பிஞ்சுகளை மெல்லக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லையேல் கம்பியில் அழுந்தி வடுப்படும். புடலம்பிஞ்சு வளைந்து சுருளாதிருக்க, நுனியில் சிறு கல்லை நாரால் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பழையது. கல் பெரிதானால் காம்பு அறும். முற்ற விடும் விதைச்சுரைக்கு, மோர்ப்பானையைத் தொங்கவிடும் உறியைப் போலக் கயிற்றில் ஒன்று பின்னித் தாங்கல் கொடுப்பர்.

கொடிக்குக் காய் பாரமா என்று பழமொழி வினவுகிறது. தாயன்பைச் சொல்ல அது சரியே. தோட்டத்திலோ, கொடிக்குப் பாரமில்லாத காய் பந்தலுக்குப் பாரமாகும். அதனோடு மழைநீர் ஏந்திய இலைகளின் எடையும் சேரும். இலை மூடிய பந்தல் காற்றுக்கு விரித்த பாய்மரம் போன்றது; காற்று அதனைத் தள்ளுவதோடு கீழே புகுந்து தூக்கவும் செய்யும். எனவே, நான்கு மூலைக் கால்களிலிருந்தும் வெளிப்புறமாகச் சாய்வாகக் கம்பி இழுத்து, தரையில் அடித்த முளையிலோ புதைத்த கல்லிலோ கட்ட வேண்டும். இந்த இழுகம்பி இல்லாத பந்தல், கால்கள் எவ்வளவு பருத்தவையாயினும், ஈரமண்ணில் சாய்ந்துவிடும். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் பாபட்லாவுக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த இடம் வெகுதொலைவு வடக்கே இருந்தும், அதற்கு முன்னரே சென்னை முதல் நெல்லூர் வரையுள்ள கரையோரம் பெருமழையில் மூழ்கியது. புயல் எங்கே கரையேறும் என்பதைக் கேட்டு அமைதி கொள்வதற்கு இடமில்லை.

எச்சரிக்கை வந்தவுடன் பறிக்கத்தக்க காய்களைப் பறித்துவிட்டால் சுமை குறையும். பழுத்த இலைகளையும் அடர்ந்த கிளைகளையும் கழித்தால் காற்று ஊடே செல்லும். இழுகம்பிகளை முறுக்கி இறுக்கலாம். தண்டுக்கட்டுகளை மட்டும் இறுக்கக் கூடாது. அச்சத்தில் பலரும் செய்வது அதுவே. அசைய இடமில்லாத தண்டுதான் அடியில் முறிகிறது. பந்தல் சாய்ந்துவிட்டாலும் கொடியைப் பிடித்து இழுக்காமல், பந்தலையும் கொடியையும் ஒன்றாகவே நான்கைந்து பேர் தூக்கி நிறுத்துவர். மடிந்தும் தோல் அறாத தண்டு பெரும்பாலும் பிழைக்கும். சுரையின் கணுவை மண்ணால் மூடி ஈரம் காத்தால் அங்கிருந்தே புதுவேர் விடும்.

தை பிறந்ததும் காய்ப்பு ஓய்ந்த கொடியை அடியில் அறுத்து, சில நாள் பந்தலிலேயே காயவிடுவர். இலை உதிர்ந்த பின்னும் பற்றுக்கம்பிகள் உலர்ந்து கட்டையாகிக் கயிற்றை விடாமல் பிடித்திருக்கும். கையால் பிரிப்பது எளிதன்று. தேங்காய்நார்க் கயிற்றையும் வாழைநார்க் கட்டுகளையும் கொடியோடு அறுத்து எருக்குழியில் இட்டுவிடலாம். நைலான் வலை கட்டியவர்கள் மட்டும் நிழலில் அமர்ந்து, ஒவ்வோர் இழையாகக் கத்தரித்துக்கொண்டிருப்பர்.