தூண்டில் ஆசாரம்

"தூண்டிற்காரனுக்குத் தக்கைமேல் கண்" என்று ஒரு பழமொழி உண்டு. இதை முதலில் சொன்ன மகானுபாவர் ஒற்றைத் தூண்டிற்காரனை மட்டுமே பார்த்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இரண்டு தூண்டிற்காரர்கள் ஒரே கரையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருந்தால், "ஒரு கண் தன் தக்கைமேல், மற்றொரு கண் அடுத்தவன் முள்மேல்" என்று பழமொழியைத் திருத்தியிருப்பார்.

மூன்று தூண்டிற்காரர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாம்பரத்துக்கு அருகில் ஓர் ஏரிக்கரையில் நேரில் கண்டோம். எந்த ஏரி என்று கேட்காதீர்கள். பெயரைப் பத்திரிகையில் போட்டால் அடுத்த வாரம் உட்கார இடம் கிடைக்காது என்று ஒரு பெரியவர் நம்மிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டிருக்கிறார். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்கரணை என்று அந்தப் பக்கத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமது நேயர்களில் பலர் மீனைக் கையால் தொட்டே இராதவர்கள். "நமக்கெதற்கு இந்த மீன் விஷயம்?" என்று அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காப்பியில் சிகரி கலக்கலாமா கூடாதா என்று விவாதம் நடக்காத வீடு நம் நாட்டில் உண்டா? கலப்பவர், கலக்காதவரைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. கலக்காதவரோ, கலப்பவரைப் பார்த்து ஒரு புன்னகை புரிகிறார். அந்தப் புன்னகையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று மடிகள்

முதலாமவர் நமது நண்பர். நீலகிரியில் பல வருஷங்கள் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றுத் தாம்பரத்தில் குடியேறியிருப்பவர். குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் மீனை 'ஈ'த் தூண்டிலால் பிடித்துப் பழகியவர். இந்த ஈ உயிருள்ள ஈ அல்ல. சிறு முள்ளின்மேல் கோழிச் சிறகு, உரோமம், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றி, பூச்சியைப் போலவே செய்த பொம்மை. சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஈக்கோ கனமே கிடையாது. ஆகையால் கனமான நூலைச் சவுக்குப் போல் முன்னும் பின்னும் வீசி, நூலின் வேகத்திலேயே ஈயைக் கொண்டுபோய்த் தண்ணீரின்மேல் மெல்ல இறக்க வேண்டும். பார்ப்பதற்கு மிக அழகான காரியம். செய்வதற்கு அவ்வளவு சுலபமன்று. நமது நண்பரின் ஈ அன்று காலை இரண்டு தடவை கரையிலிருந்த கருவேல மரத்தைப் பிடித்தது.

இரண்டாமவர் குரோம்பேட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர். அவருடைய கழியில் சக்கரம் பொருத்தியிருந்தது. நரம்பின் நுனியில் ரப்பர் தவளை ஒன்று. விரால் மீனைத் தவிர வேறு எதையும் அவர் பிடிப்பதில்லை. பிடித்ததையும் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்.

மூன்றாமவர்தான் நம்மிடம் வாக்குறுதி வாங்கிய பெரியவர். மூங்கில் கழி, தக்கை, கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு மண்புழு. ஜிலேபியோ, கெண்டையோ, கெளுத்தியோ, எது வந்தாலும் பைக்குள் போகும், பகலில் குழம்பாகும்.

மூவருக்கும் ஆசாரம் உண்டு என்பதுதான் விசேஷம். "புழு மாட்டுவதற்கு என்ன வித்தை வேண்டும்? பசித்த மீன் தானே வந்து விழுங்குகிறது" என்றார் நமது நண்பர். "மீனைக் கொல்றதைவிட மாட்டி விட்டுவிடறது மேல் சார்" என்றார் இளைஞர். பெரியவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "திங்கறதுக்குப் பிடிச்சா நியாயம் இருக்குது, தம்பி. விளையாட்டுக்கு அது வாயிலே முள்ளை மாட்டி, படம் புடிச்சு, திரும்ப விடறதுலே என்ன நியாயம்?" என்றார்.

கேள்வி லேசானதன்று. உலகமே இதில் இரண்டுபட்டு நிற்கிறது. அமெரிக்காவில் பல நதித் துறைகளில், பிடித்த மீனை விடாமல் வைத்துக்கொள்வது குற்றம். ஸ்விட்ஸர்லாந்திலோ, திருப்பி விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே சட்டம் தடுக்கிறது. ஒரு தேசத்துப் புண்ணியம் மற்றொரு தேசத்தில் பாவமாகிவிடுகிறது!

மிதக்கும் ஈயும் மூழ்கும் ஈயும்

இந்த ஆசாரச் சண்டை எவ்வளவு தூரம் முற்றக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சரித்திரம் உண்டு. நமது நண்பரே அதைச் சொன்னார்.

தென் இங்கிலாந்தில் ஹாம்ஷயர் ஜில்லாவில் டெஸ்ட், இட்சன் என்று இரண்டு நதிகள். சுண்ணாம்புப் பூமியில் ஊறி வருவதால் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். அங்கே தூண்டில் போட்ட பிரெடெரிக் ஹால்போர்டு என்ற செல்வந்தர் 1886-ல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகமும், 1889-ல் அவற்றைக்கொண்டு மீன் பிடிக்கும் முறையைப்பற்றி மற்றொரு புத்தகமும் எழுதினார். நீர்மட்டத்துக்கு வந்து பூச்சியைப் பிடிக்கும் மீனைக் கண்ணால் கண்ட பிறகே ஈயை வீச வேண்டும். அந்த ஈ மிதக்க வேண்டும். அந்தச் சமயத்தில் மீன் தின்னும் பூச்சியைப் போலவே இருக்க வேண்டும். இது அவருடைய முறை. நல்ல முறைதான். ஆனால் அவருடைய சிஷ்யர்கள் இதைச் சாஸ்திரமாக்கி, ஈயைத் தண்ணீருக்குள் மூழ்கவிடுகிறவனைப் பதிதனைப் போல் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜி. இ. எம். ஸ்கூஸ் என்று ஒரு வக்கீல். அவர் மீனின் வயிற்றைச் சோதித்துப் பார்த்தார். மீன் தின்பதில் பெரும்பகுதி, சிறகு முளைக்காமல் நீருக்குள்ளேயே இருக்கும் இளம் பூச்சிகள் என்று கண்டார். "மீன் கீழே சாப்பிடும்போது நாம் மேலே இலை போடுவானேன்?" என்பது போன்ற வாதம் அவருடையது. 1910-ல் ஒரு புத்தகமும் 1921-ல் மற்றொரு புத்தகமும் எழுதினார். ஹால்போர்டு 1914-ல் காலமானார். சண்டை காலமாகவில்லை. 1938-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், லண்டனில் ஈத் தூண்டிற்காரர்களின் சங்கத்தில் இதற்கென்றே ஒரு விவாதம் நடந்தது. அப்போது ஸ்கூஸுக்கு வயது 79. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குமேல் தூண்டில் போட்டுவந்த இட்சன் துறையை விட்டு அவர் அதே வருஷம் விலகினார். 1949-ல் மரணமடைந்தார். இன்றைக்கு மூழ்கும் ஈ உலகமெங்கும் சகஜமாகிவிட்டது. ஆயினும் இங்கிலாந்தில் சில துறைகளில் மிதக்கும் ஈதான் என்ற விதி இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத் தக்கது. அந்நாளில் சீமையில் ஈ கட்டுவோர் மிகவும் விரும்பிய சிறகுகளில் ஒன்று, நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்துச் சிறகு. மினுமினுக்கும் புள்ளிகள் உள்ள அந்தச் சிறகுக்காக எத்தனை சேவல்கள் மாண்டனவோ! 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இன்று அந்தப் பறவைக்குப் பாதுகாப்பு உண்டு. மீனிடம் அவ்வளவு கண்ணியம் பார்த்த கனவான்கள் கோழியிடம் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆசாரம் எப்போதும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது.

நீலகிரி டிரௌட்டின் கதையும் இத்தகையதே. அது நம் நாட்டு மீன் அன்று. வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்துக்காகக் கொண்டுவந்தது. பிரான்ஸிஸ் டே என்ற மீன் சாஸ்திரி 1860-களில் முயன்றும் அது நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். ஸி. வில்ஸன் என்பவர் எடுத்த முயற்சிதான் பலித்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. ஓடைகளில் இன்று நிலைத்திருக்கும் வானவில் டிரௌட்டின் பூர்வீகம் அமெரிக்கா. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, இன்று தாம்பரம் ஏரிகளை நிரப்பியிருக்கும் ஜிலேபி மீனை, "அது வெளியூர் மீன், அதெல்லாம் ஒரு மீனா?" என்று நமது நண்பர் இகழ்ந்தபோது, நாம் இதை ஞாபகப்படுத்தினோம். அவர் கருவேல மரத்திலிருந்து ஈயை எடுக்கப் போய்விட்டார்.

எல்லாத் துரைமார்களும் ஏரியை இகழ்ந்ததாகச் சொல்லவும் முடியாது. சென்னை ஸிவில் ஸர்விஸில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர், 1873-ல் மங்களூரில் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற பெரிய புத்தகத்தோடு நின்றுவிடாமல், 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டாங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா' என்று தனியாக ஒரு புத்தகம் எழுதினார். மலை ஓடைதான் மேல் என்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

செம்மண் நிறத்தில் ஒரு திட்டு

மணி எட்டிருக்கும். இளைஞர் திடீரென்று எழுந்து நின்றார். ஆகாயத்தாமரை ஓரமாக, நீர்மட்டத்தில் செம்மண் கரைத்தாற்போல் ஒரு திட்டு தெரிந்தது. அது அசைந்தது, கலைந்தது, மறுபடி கூடிற்று. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்!

விரால், காற்றைச் சுவாசிக்கும் மீன். பெரியதும் சிறியதும் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கிப் போக வேண்டும். குஞ்சுகள் சிவந்த நிறமாக இருப்பதால் கூட்டமாக எழும்போது பளிச்சென்று தெரியும். அவற்றின் கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். முட்டையிட்டது முதல் சில வாரங்கள், குஞ்சுகள் தாமே இரை தேடும் வரையில், அது கூட்டத்தை விட்டு அகலாது. அருகில் எது வந்தாலும் பாய்ந்து தாக்கும். இரைக்காகத் தாக்குவதல்ல அது; குஞ்சுகளுக்காகத் தாக்குவது. ஆகவே குஞ்சுக் கூட்டத்தின்மேல் ரப்பர் தவளையைப் போட்டால், பெரிய விரால் பிடிபடுவது ஏறக்குறைய நிச்சயம்.

இளைஞர் கழியை ஓங்கினார்.

"தம்பி, வேணாம்" என்றார் பெரியவர். அப்போதுதான் முதல் தடவையாக அவர் கண் தக்கையை விட்டு அகன்றது. "அது குஞ்சோட இருக்குது."

"நான் விட்டுடுவேன் பெரியவரே. படம் எடுத்துட்டு உடனே விட்டுடுவேன்."

"நீ விடுவே. அஞ்சு நிமிஷம் அது உன் கையிலே இருக்கறப்போ இங்கே குஞ்சுக்கு யாரு காவல்? கெளுத்தியும் கொக்கும் பார்த்துக்கிட்டா இருக்கும்?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. கழி ஓங்கியபடியே நின்றது.

"நானும் அப்படிப் பிடிச்சவன்தான் தம்பி" என்றார் பெரியவர் மெதுவாக. "குஞ்சோட இருக்கற விராலுதான் சுளுவா வரும்னு தேடித் தேடிப் பிடிச்சேன். பிறகு இந்தப் பக்கம் விராலே இல்லாம ரெண்டு மூணு வருசம் போச்சு. இப்போதான் மறுபடி கண்ணிலே படுது."

இளைஞர் சக்கரத்தைச் சுற்றி நரம்பை இழுத்துக்கொண்டார். அந்தத் திட்டு தாமரை ஓரமாகவே மெல்ல நகர்ந்து போயிற்று. நாம் நால்வரும் அது மறையும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரதமும் விதியும்

வீடு திரும்பும் வழியெல்லாம் நமக்கு இதே யோசனை. மிதக்கும் ஈதான் போடுவேன் என்பதும், ரப்பர் தவளைதான் போடுவேன் என்பதும் அவரவர் எடுத்துக்கொண்ட விரதம். விரதம் நல்லது. கையைக் கட்டிக்கொண்டு செய்யும் காரியத்தில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. சதுரங்கம் ஆடுகிறவன் ராஜாவைக் கையால் தூக்கி எறிந்துவிட்டு ஜயித்தேன் என்று சொல்வதில்லையல்லவா? ஆனால் ஏகாதசி இருப்பவன், இராதவன் வீட்டு அடுப்பை அணைக்கப் புறப்படக் கூடாது. ஸ்கூஸ் விஷயத்தில் சங்கத்தார் செய்தது ஏறக்குறைய அதுதான்.

விதி என்பது வேறு. குஞ்சோடு இருக்கும் மீனைத் தொடாதே என்று பெரியவர் சொன்னது அவருடைய ருசியைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது. அது புழு போடுகிறவனுக்கும் ஈ வீசுகிறவனுக்கும் ஒன்றே. ரப்பர் தவளையில் இரத்தம் இல்லை, மண் இல்லை, நாற்றமும் இல்லை. மூன்று தூண்டில்களிலும் பார்வைக்குச் சுத்தமானது அதுதான். அன்று காலை அந்த ஏரிக்கு மிகப் பெரிய கெடுதலைச் செய்யவிருந்ததும் அதுதான். கொட்டாங்கச்சிப் புழுவோடு உட்கார்ந்திருந்தவர் அதைத் தடுத்தார். எந்த ஆசாரத்தைப் பார்த்தாலும், "இது யாருக்காக? என் மனத் திருப்திக்கா, அந்தக் குஞ்சுகளுக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம்.

மறு ஞாயிற்றுக்கிழமையும் ஏரிக்குப் போயிருந்தோம். இளைஞர் குஞ்சுகள் தென்பட்ட மூலையை விட்டு எதிர்க்கரைக்குப் போயிருந்தார். நமது நண்பர் ஈத் தூண்டிலைத்தான் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவருடைய சட்டைப் பை சற்று ஈரமாக இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நாம் கேட்கவில்லை. பெரியவரின் கொட்டாங்கச்சியில் புழு பாதியாகக் குறைந்திருந்ததை மட்டும் கவனித்தோம்.