ஜகன்மோகினியின் ஆசிரியை

வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர் என்று இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த எண்ணிக்கையைவிடப் பெரிய செயல் ஒன்றை அவர் செய்தார். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு, பெண்கள் படிப்பதற்கென்று ஒரு மாத இதழை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். ஆசிரியர், எழுத்தாளர், பதிப்பாளர் என்று மூன்று பொறுப்பும் அவருடையதே. அரசியல் மேடையில் பேசி, மறியல் செய்து, சிறைக்கும் போய்வந்தார்.

1901 டிசம்பர் 1ஆம் நாள் வைணவக் குடும்பத்தில் பிறந்த கோதைநாயகி, தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். 1907இல், ஐந்தரை வயதில், ஒன்பது வயதுச் சிறுவன் பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளிக்கூடம் போகவில்லை. அந்நாளில் அவரைப்போன்ற வீட்டுப் பெண்களுக்குக் கதை கேட்கத் தெரியும், கதை சொல்லத் தெரியும்; எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கோதைநாயகியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லியே பழகியவர். நாடகம் பார்க்க மனைவியை அழைத்துச் செல்லும் வழக்கம் பார்த்தசாரதிக்கு இருந்தது. அதிலிருந்து பிறந்த ஆர்வத்தில் ‘இந்திர மோகனா’ என்ற நாடகத்தைக் கோதைநாயகி வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். 1924இல் அது அச்சாகிப் பாராட்டும் பெற்றது. தமிழ் எழுத்துகளை வேகமாக எழுதும் பழக்கம் அவருக்குப் பிறகுதான் வந்தது.

‘வைதேகி’ என்ற நாவல் அடுத்து வந்தது. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஊக்கம் தர, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ மாத இதழை விலைக்கு வாங்கி, 1925இல் மீண்டும் தொடங்கினார் கோதைநாயகி. தமிழில் பெண்களுக்கான இதழ்கள் அதற்கு முன்பும் உண்டு. ‘சிந்தாமணி’யை நடத்திய சகோதரி பாலம்மாள் போன்ற பெண் ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனால் பல இதழ்கள் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோயின. ஜகன்மோகினி நிலைத்ததற்குத் தொடர்கதைதான் காரணம். மாதந்தோறும் நாவலின் ஒரு பகுதி வரும். அடுத்து என்ன ஆகும் என்று வாசகி காத்திருப்பாள். கதை முடிந்ததும் அதுவே தனிப் புத்தகமாக விற்பனைக்கு வரும். எழுத்தறிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பதும் அக்காலத்து வாசிப்பே. சொல்லியே எழுதத் தொடங்கிய ஆசிரியைக்கு அந்தச் சபையின் காது நன்றாகத் தெரிந்திருந்தது. நீண்ட உரையாடல்கள், திடீர்த் திருப்பங்கள், இடையிடையே அறிவுரை என்ற அவருடைய நடை இன்றைய வாசகருக்குச் சலிப்புத் தரலாம். கேட்பதற்காக எழுதப்பட்டது என்று நினைத்துப் படித்தால் அதன் வலு புரியும்.

அந்தக் கதைகளுக்குள் அவர் வைத்தது சிறிய பொருளல்ல. குழந்தை மணம், வரதட்சிணை, விதவையின் நிலை, குடிகாரக் கணவனிடம் சிக்கிய குடும்பம், பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படுவது எல்லாம் வந்தன. பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியபோது வைதீகக் குடும்பங்களிலிருந்து கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அதே வகைக் குடும்பத்தின் உள்ளிருந்துதான் கோதைநாயகி எழுதினார். மதத்தையும் குடும்பத்தையும் அவர் உதறவில்லை. அவற்றுக்குள் பெண்ணுக்கு நியாயம் கேட்டார். சுயமரியாதை இயக்கத்துப் பெண்கள் இதே கேள்விகளை இன்னும் கூர்மையாக எழுப்பிய காலம் அது. அவர்களோடு ஒப்பிட்டால் கோதைநாயகியின் குரல் மிதமானது. ஆனால் அந்தக் குரல், மற்ற இதழ்கள் எட்டாத சமையலறைகள் வரை போய்ச் சேர்ந்தது.

1925இல் சென்னை வந்த காந்தியடிகளைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பட்டும் நகையும் விட்டு, கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி ஆகியோருடன் காங்கிரஸ் பணியில் இறங்கினார். நல்ல குரல்வளம் உள்ளவர் என்பதால் பாட்டும் பேச்சுமாக அவர் கூட்டங்கள் நடந்தன. பெண் மேடையேறுவதே அரிதாக இருந்த நாளில் கூட்டம் அவரைக் கேட்கவே திரண்டது. கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் ஈடுபட்டு 1932இல் சிறைத்தண்டனை பெற்று வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கும் பேனாவை விடவில்லை. ‘சோதனையின் கொடுமை’ சிறையில் உருவான நாவல். வெளியே இதழ் நிற்காமல் பார்த்தசாரதி பார்த்துக்கொண்டார். பெண்ணின் பொதுவாழ்வுக்குக் கணவர் காவலாக நின்றது அன்று எளிதில் நடக்கக்கூடியதல்ல. அந்தப் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

விடுதலைக்குப் பிறகும் பணி தொடர்ந்தது. தியாகி என்று அரசு அளித்த நிலத்தை வினோபாவின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1956இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தது அவரை முறித்துப்போட்டது. காசநோய் பற்றி, தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார். அவருடைய ‘தயாநிதி’ நாவல் 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் ‘சித்தி’ என்ற படமாக வந்து பெருவெற்றி பெற்றது.